பெரிய அலை வந்தால்தான் போட்டி

ஒவ்வொரு குளிர்காலமும் தொடக்க விழா நடத்தி, வீரர்களுக்கு அழைப்பு அனுப்பி, பிறகு நடக்காமலே போய்விடும் போட்டி ஒன்று உண்டு, தெரியுமா? ஹவாயின் ஓவாஹு தீவில், வைமேயா விரிகுடாவில் நடக்கும் 'எடி' அலைச்சறுக்குப் போட்டிதான் அது. அலையின் முகப்பு சுமார் 40 அடி, அதாவது ஏறத்தாழ நான்கு மாடி உயரம், எழும் நாளில்தான் நடத்துவார்கள். பகல் முழுக்க அப்படிப்பட்ட அலைகள் வர வேண்டும். கடல் அமைதியாக இருந்தால் அந்த ஆண்டு போட்டியே கிடையாது. 1990க்குப் பிறகு 1999 வரை காத்திருந்தார்கள். 2016க்குப் பிறகு 2023 வரை காத்திருந்தார்கள். 1980களின் நடுவில் தொடங்கிய போட்டி, 2024 டிசம்பர் வரை 11 முறைதான் நடந்திருக்கிறது.

எடி ஐகாவ் யார் என்று கேட்பீர்கள். அவர் தேர்ந்த அலைச்சறுக்கு வீரர். ஆனால் அவருக்குச் சம்பளம் தந்த வேலை கடற்கரையில் லைஃப்கார்டு. 1968இல் ஓவாஹுவின் வடகரையில் பணியில் சேர்ந்தார். மற்றவர்கள் இறங்கத் தயங்கும் அலையிலும் நீந்திப் போய், நூற்றுக்கணக்கானோரைக் கரை சேர்த்தார்.

1978 மார்ச்சில், பழங்காலப் பாலினீசியர்களைப் போல விண்மீன்களைப் பார்த்தே தாஹித்திக்குப் போக, ஹோகுலேயா என்ற பாய்மரப் படகில் 16 பேர் புறப்பட்டார்கள். எடியும் ஒருவர். முதல் இரவே மொலோகாய் தீவுக்கு அருகே படகு கவிழ்ந்தது. மறுநாள் காலை, உதவி கொண்டுவருகிறேன் என்று தன் பலகையில் ஏறி, லானாய் தீவை நோக்கித் துடுப்பு இல்லாமல் கையாலேயே நீரைத் தள்ளிக்கொண்டு போனார். மற்ற 15 பேரும் அன்றே மீட்கப்பட்டார்கள். 31 வயது எடி திரும்பவேயில்லை.

அவர் நினைவாகத்தான் இந்தப் போட்டி. முதலில் சன்செட் கடற்கரையில் நடந்தது. பிறகு அவர் காவல் காத்த வைமேயாவுக்கே மாறியது. அங்கே நடந்த முதல் போட்டியில் வென்றவர் எடியின் தம்பி கிளைட் ஐகாவ். 2002இல் உலக சாம்பியன் கெல்லி ஸ்லேட்டர் வென்றார்.

2023 ஜனவரி 22 அன்று நடந்ததைக் கேளுங்கள். பெண்களும் களமிறங்கிய முதல் 'எடி' அதுதான். அன்று வென்ற லூக் ஷெப்பர்ட்சன், அதே கடற்கரையில் பணியில் இருந்த லைஃப்கார்டு. மேலதிகாரியிடம் அனுமதி கேட்டு, தன் முறை வரும்போது அலையில் இறங்கினார். முடிந்ததும் காவல் கோபுரத்துக்குத் திரும்பி வேலையைத் தொடர்ந்தார். 2016இல் வென்ற ஜான் ஜான் ஃப்ளோரன்ஸுக்கு இரண்டாம் இடம்.

கோப்பை வென்றவர்களின் பெயரில் எத்தனையோ போட்டிகள் உண்டு. இது கரையில் காவல் நின்றவரின் பெயரில் நடக்கிறது. கோடை விடுமுறையில் நம் பிள்ளைகள் நீச்சல் குளத்தில் இறங்குவார்கள். அப்போது குளத்தோரம் விசிலோடு நிற்பவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த வாரம் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்களேன்.