கேஸ் ஷீட் எங்கே?

இந்த எபிசோடுக்கான யோசனை ஒரு ஆஸ்பத்திரி ரெக்கார்ட் ரூம் வாசல்ல வந்தது. கூட வந்திருந்தது என் தோழி, ஒரு திருநங்கை. பால் மாற்று அறுவை சிகிச்சை முடிஞ்சு ஒன்றரை வருஷம் கழிச்சு அவங்களுக்குச் சிறுநீர் போறதுல பிரச்சினை. புது டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "முதல் ஆபரேஷன்ல சரியா என்ன பண்ணாங்க? ஆபரேஷன் நோட்ஸ் இருக்கா?" அவங்க கையில இருந்தது ஒரே ஒரு பக்கம் டிஸ்சார்ஜ் சம்மரி. அதுலயும் பாதி மாத்திரைப் பேரு.

அதனால கேட்கப் போனோம். "எதுக்கு? கேஸ் போடப் போறீங்களா?"ன்னு ஜன்னலுக்குப் பின்னாடி இருந்தவர் கேட்டார். வைத்தியம் பார்க்கத்தான்னு சொன்னா நம்பல. அந்தக் கேள்வி எனக்குள்ள ரொம்ப நாள் ஓடுச்சு. சரி, கேஸ் போடணும்னா போட முடியுமா? யாரு, எங்க?

கொஞ்சம் பின்னாடி போகலாம். ஒரு காலத்தில் இந்தச் சிகிச்சைக்குக் காகிதமே கிடையாது. தாயம்மா கையால் நடந்த நிர்வாணம், அதுக்கப்புறம் 40 நாள் மறைவான வாழ்க்கை. உயிர் பிழைச்சா சடங்கு, பிழைக்கலைன்னா கேட்க ஆளில்லை. பிறகு ஊர் பேர் தெரிந்த சில தனியார் டாக்டர்கள் வந்தார்கள். லிவிங் ஸ்மைல் வித்யா தன் 'நான், வித்யா' புத்தகத்தில் கடப்பாவில் செய்துகொண்ட ஆபரேஷனைப் பற்றி எழுதியிருக்கிறார். ரேவதியின் தன்வரலாற்றில் திண்டுக்கல் வருகிறது. தாயம்மாவை விட டாக்டர் பரவாயில்லை, உண்மைதான். ஆனா அங்கேயும் நிறைய பேருக்கு வாய் வழியாத்தான் எல்லாம் நடந்தது.

ஏன் இந்த மறைவு? சட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. இந்திய தண்டனைச் சட்டத்தின் 320வது பிரிவு 'கொடுங்காயம்' எதுவெல்லாம்னு ஒரு பட்டியல் போட்டது. அதில் முதல் வரியே ஆண்மை நீக்கம்தான். நோயாளியே கேட்டு வந்தாலும், நாளைக்கு நம்ம மேல கேஸ் வந்துடுமோன்னு டாக்டர்களுக்குப் பயம். பயந்த டாக்டர் எழுதி வைக்க மாட்டார். எழுதாத சிகிச்சையில் தப்பு நடந்தா நிரூபிக்கவும் முடியாது.

இதே காலத்தில் இன்னொரு பக்கம் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. மிக்ஸி ரிப்பேர்னா கடைக்காரரைக் கேட்கலாம், சரி. டாக்டரைக் கேட்கலாமா? கூடாது, மருத்துவம் வியாபாரம் இல்லைன்னு இந்திய மருத்துவச் சங்கம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் வாதாடியது. 1995 நவம்பர் 13, வி.பி. சாந்தா வழக்குத் தீர்ப்பு: காசு வாங்கிச் செய்யும் மருத்துவம் 'சேவை'தான், நோயாளி நுகர்வோர்தான்.

ஆனா அந்தத் தீர்ப்பிலேயே ஒரு விதிவிலக்கு இருக்கு. எல்லாருக்கும் எல்லாமே இலவசம்னு நடக்கும் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறுபவர் நுகர்வோர் இல்லை. சிலரிடம் காசு வாங்கிட்டு ஏழைகளுக்கு மட்டும் இலவசமாப் பார்க்கும் இடம்னா, அந்த இலவச நோயாளியும் நுகர்வோர்தான்.

இதை மனசுல வச்சுக்கிட்டு 2008க்கு வாங்க. அந்த வருஷம் தமிழ்நாட்டில் திருநங்கைகள் நல வாரியம் அமைந்தது. அரசு மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கும் நிலையும் இங்கே வந்தது. இந்தியாவுக்கே முன்னோடி. இதைக் குறைச்சுச் சொல்ல நான் தயாரில்லை, கடப்பாவுக்கு ரயில் ஏறின தலைமுறைகிட்ட கேட்டுப் பாருங்க. ஆனா முழுக்க இலவசமான இடத்தில் சிகிச்சை பெற்றவங்க, தப்பு நடந்தா நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. சிவில் கோர்ட், உயர் நீதிமன்றம், மருத்துவக் கவுன்சில்னு வேற கதவுகள் இருக்கு. எல்லாமே கனமான கதவுகள்.

2008இலேயே இன்னொரு தீர்ப்பும் வந்தது: சமீரா கோலி வழக்கு. டெல்லியில் பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு, வெளியே இருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துட்டாங்க. ஒரு சிகிச்சைக்குத் தந்த சம்மதம் இன்னொண்ணுக்குச் செல்லாது, என்ன செய்யப் போறோம், என்ன ஆபத்து, வேற வழி என்னன்னு முன்னாடியே சொல்லணும்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. கிடைச்ச இழப்பீடு வெறும் 25,000 ரூபாய். ஆனா கருப்பை நீக்கத்துக்குப் போகும் ஒவ்வொரு திருநம்பியும் தெரிஞ்சு வச்சிருக்க வேண்டிய வழக்கு இது. நுகர்வோர் வழக்காத்தான் தொடங்கியது.

பிறகு 2014 நால்சா தீர்ப்பு, 2019 திருநர் சட்டம். அந்தச் சட்டத்தின் 15வது பிரிவு, டபிள்யூபாத் என்கிற சர்வதேச அமைப்பின் வழிகாட்டுதல்படி அரசு ஒரு மருத்துவக் கையேடு கொண்டு வரணும், காப்பீடும் தரணும்னு சொல்லுது. 2022 ஆகஸ்டில் ஆயுஷ்மான் திட்டத்தில் திருநருக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு தர ஒப்பந்தம் போட்டாங்க. காப்பீடு பணம் கட்டினா நோயாளி நுகர்வோர்தான்னு சாந்தா தீர்ப்பே சொல்லியிருக்கு. அரசுத் திட்டம் வழியா ஆஸ்பத்திரிக்குப் பணம் போனா, 'இலவசமாத்தானே பண்ணோம்'னு தப்பிக்க முடியாதுங்கிறது என் வாதம்.

நடுவுல கொச்சி. 2021 ஜூலையில் அனன்யா குமாரி அலெக்ஸ் தன் வீட்டில் இறந்து கிடந்தார். ரேடியோ ஜாக்கி, அந்த வருஷ சட்டமன்றத் தேர்தலுக்கு வேட்பு மனு போட்டவர். தனக்கு நடந்த சிகிச்சை தவறாகப் போச்சுன்னு வெளிப்படையாப் பேசிக்கிட்டிருந்தார். விசாரணைக்கு அரசு உத்தரவு போட்டது அவர் இறந்த பிறகு. மைக் இருந்தவர், ஊடகம் தெரிந்தவர். அவர் குரலே உயிரோட இருக்கும்போது எட்டலைன்னா மத்தவங்களுக்கு?

அதனாலதான் காகிதம் முக்கியம்னு திரும்பத் திரும்பச் சொல்றேன். நம்மகிட்ட மனநல மருத்துவர் சான்று, அடையாள அட்டைன்னு ஒரு ஃபைலே கேட்பாங்க. நாம கேட்டா மட்டும் சந்தேகம். ஆனா 2002 மருத்துவக் கவுன்சில் விதிகள் தெளிவா இருக்கு: உள்நோயாளி ஆவணங்களை 3 வருஷம் பாதுகாக்கணும், நோயாளி கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள தரணும். நுகர்வோர் வழக்குக்கு 2 வருஷம் கெடு. நீங்க குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரைன்னா கட்டணம் கிடையாது.

என் தோழி அந்த விதியைக் குறிப்பிட்டு ஒரு மனு எழுதினாங்க, நகலில் முத்திரை வாங்கினாங்க. மூணாவது நாள் கேஸ் ஷீட் கிடைச்சது, 14 பக்கம். அதுல அவங்க சம்மதப் படிவமும் இருந்தது: முழுக்க ஆங்கிலத்தில். கீழே தமிழில் கையெழுத்து. "இதுல என்ன எழுதியிருக்குன்னு அன்னைக்கு யாரும் படிச்சுக் காட்டலயே"ன்னாங்க. ஆட்டோவில் வர்ற வழியில நான்தான் வரி வரியா படிச்சுச் சொன்னேன்.