‘நம்பு’ என்ற சொல் போன வழி

சொன்னது விளங்கியதா, மனதில் நிற்கிறதா, சீர்தூக்கிப் பார்க்க முடிகிறதா, முடிவைத் தெரிவிக்க முடிகிறதா? விம்பிள்டன் எஃப்ரா ரோடு கணபதி கோயிலுக்குப் போய்வரும் பெரியவர் ஒருவர் நாளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து, சிகிச்சையைத் தானே முடிவுசெய்யும் திறன் அவருக்கு உண்டா என்று டாக்டருக்குச் சந்தேகம் வந்தால், இந்த நாலையும்தான் பார்ப்பார்கள்.

இதன் ஊற்று, பலத்த காவலுள்ள பிராட்மூர் மனநல மருத்துவமனையில் இருக்கிறது. 1993இல் அங்கே 68 வயது நோயாளி ஒருவர். நீதிமன்றம் அவரை ‘சி’ என்றே அழைத்தது. பாதம் அழுகிவிட்டது. காலை எடுக்காவிட்டால் பிழைக்க 15 சதவீதமே வாய்ப்பு என்றார் அறுவை மருத்துவர். வெட்ட விடமாட்டேன் என்றார் சி. தான் பெரிய டாக்டர் என்ற மனப்பிரமையும் அவருக்கு இருந்தது. நீதிபதி தோர்ப் மூன்று படி வைத்துப் பார்த்தார்: செய்தியை உள்வாங்கி நினைவில் வைப்பது, அதை நம்புவது, சீர்தூக்குவது. சி தேறினார். காலும் தப்பியது, ஆளும் தப்பினார்.

இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டத்தில் அந்தப் படிகள் ஏறியபோது, ‘நம்புவது’ மட்டும் கீழே இறங்கிவிட்டது. நல்லதுதான். டாக்டர் சொல்வதை நம்பாதவரெல்லாம் திறனற்றவர் என்றால் நம்மில் பாதிப் பேர் தேறமாட்டோம்.

இறங்கிய சொல் 2023இல் வேறு வாசலால் வந்தது. ‘எஸ்.டி.’ என்ற 19 வயதுப் பெண், சாவு நெருங்கிவிட்டதாக டாக்டர்கள் சொன்னதை நம்பவில்லை. கனடாவில் ஒரு பரிசோதனைச் சிகிச்சை கிடைக்கும் என்று போராடினார். இரண்டு மனநல மருத்துவர்கள் திறன் உண்டு என்று சொல்லியும், அந்த நம்பாமையைக் காட்டி இல்லை என்றார் நீதிபதி. அடுத்த மாதமே எஸ்.டி. இறந்தார். அந்தத் தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜூலையில் ரத்துசெய்தது.

நம் வீடுகளில் சிக்கல் வேறு. யாழ்ப்பாணத்து அம்மா எல்லாவற்றுக்கும் ‘ஓம்’ என்பார். அது விளங்கிய ஓம் அல்ல, மரியாதை ஓம். ‘தம்பியைக் கேளுங்கோ டொக்டர்’ என்பார். சீர்தூக்கத் தெரியாதவர் என்று குறிப்பில் ஏறிவிட அது போதும். மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். செய்யக்கூடிய உதவியையெல்லாம் செய்து பார்க்காமல் ஒருவரைத் திறனற்றவர் எனக் கூடாது என்கிறது அதே சட்டம்.

இன்னொன்று: பெற்ற பிள்ளை என்பதற்காக மட்டும் அம்மாவுக்குப் பதிலாகச் சம்மதம் தரும் அதிகாரம் இங்கே யாருக்கும் இல்லை. அவர் தெளிவாக இருக்கும்போதே லாஸ்டிங் பவர் ஒஃப் அட்டோர்னி என்ற அதிகாரப் பத்திரத்தை எழுதிப் பதிந்துவிடுங்கள். வீட்டுக்கும் பணத்துக்கும் எழுதியது ஆஸ்பத்திரியில் செல்லாது. உடல்நலத்துக்குத் தனிப் பத்திரம் வேண்டும்.