கூரைத் தகரத்தின் விலை வரலாறு

மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றாம். இவற்றுள் உறையுளுக்குத் தலையாய உறுப்பு கூரையே. சுவர் நான்கும் எழுந்தும் மேலே வேயப்படாத மனை, மனையென்னும் பெயர்க்கு உரித்தாகாது. பனையோலையும் தென்னங்கீற்றும் நாட்டோடும் கொண்டு வேய்ந்த நாளில் வேய்பொருள் ஊருக்கு அருகிலேயே கிடைத்தது. அதன் விலையும் ஊரார் அறிந்ததாகவே இருந்தது. இரும்புத் தகடு கூரைமேல் ஏறிய பின்னரோ, விலை கடல்கடந்த இடங்களிற் பிறக்கலாயிற்று. அஃது எக்காரணத்தால் ஏறியது, எவ்வாறு சரக்கே கிடையாமற் போயிற்று என்பவற்றை அறிதல், கட்டட ஒப்பந்தம் எடுக்கும் நம் அன்பர்கட்குப் பெரிதும் பயன்படும். ஆகலின் அதனை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

தகரம் என்னும் சொல் வெள்ளீயத்தையும் குறிப்பது. ஆயின் நாம் கூரைத் தகரமென்றும் ஜி.ஐ. ஷீட்டென்றும் வழங்கும் பொருளில் வெள்ளீயம் இல்லை. உள்ளே இரும்பும் மேலே துத்தநாகப் பூச்சுமே உள்ளன. 1829-ஆம் ஆண்டில் இலண்டன் கப்பல்துறைக் கம்பெனியின் பொறியாளராகிய ஹென்றி ராபின்சன் பால்மர் என்பார், மெல்லிய இரும்புத் தகட்டை அலைபோல் நெளித்தால் அது வளையாது பாரந் தாங்கும் எனக் கண்டு, அம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். எனினும் தகடு துருவுக்கு இரையாயிற்று. 1837-இல் பிரான்சு நாட்டவராகிய ஸ்தனிஸ்லாஸ் சொரேல் என்பார், உருக்கிய துத்தநாகத்தில் இரும்பைத் தோய்த்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1843-இல் பால்மரின் உரிமைக்காலம் முடியவே, பலரும் நெளிதகடு செய்யத் தலைப்பட்டனர், விலையும் தணிந்தது. இவ்வாறு இரும்பு, துத்தநாகம், கப்பற்கூலி என்னும் மூன்று கயிறுகளில் கூரைத் தகரத்தின் விலை கட்டுண்டது. இவற்றுள் ஒன்று அறுந்தாலும் இடர்ப்படுபவர் முன்கூட்டி விலைபேசி ஒப்புக்கொண்டவரே என்பதை வரலாறு பன்முறை காட்டியுள்ளது.

முதலிற் கலிபோர்னியாவை நோக்குக. 1848-இல் அங்கே பொன் கிடைத்தது, மறு ஆண்டு மக்கள் வெள்ளம்போற் புகுந்தனர், தங்க வீடில்லை. நியூயார்க்கு நகரத்தில் உலோகக் கூரை வேயும் தொழிலினராகிய பீட்டர் நெய்லர் என்பார், பிரித்துக் கோக்கத்தக்க இரும்பு வீடுகளை நூற்றுக்கணக்கில் அனுப்பினார். இங்கிலாந்திலிருந்தும் பலர் அனுப்பினர். தென்னமெரிக்காவின் தென்கோடியைச் சுற்றிக் கப்பல் வந்துசேரப் பல திங்கள் ஆயின. அதற்குள் யாவர் சரக்கும் ஒருங்கே வந்து குவிந்தது; மரமும் மலிந்தது; விலை வீழ்ந்தது. நேரிய விலை கண்டு சரக்கனுப்பியவர் பலர் கப்பற்கூலியும் தேறாது நின்றனர். சரக்குக்கு எழுதும் நாளின் விலை வேறு, சரக்கு வந்திறங்கும் நாளின் விலை வேறு என்பது இதனாற் போதரும்.

அடுத்து, பஞ்சத்தால் நேர்ந்த இடரை ஆஸ்திரேலியாவிற் காண்போம். அந்நாட்டில் நகரத்து வீடும் நாட்டுப்புறக் கொட்டகையும் பெரும்பாலும் நெளிதகரமே வேயப்பெற்றவை. அத்தகரமோ இங்கிலாந்திலிருந்து வந்தது. வியப்பு யாதெனின், துத்தநாகக் கனி ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில்லிலேயே வெட்டியெடுக்கப்பட்டது. ஆயின் அதனை உருக்கும் உலைகள் ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் இருந்தன. 1914-இல் முதல் உலகப் போர் மூண்டவுடன் அவ்வுலைகள் பகைவர் கையிலாயின. முன்னர் டன்னுக்கு இருபது பவுனுக்குச் சிறிது மேற்பட நின்ற துத்தநாகம், 1915-இல் நூறு பவுனைக் கடந்தது. ஆங்கில ஆலைகள் படைக்கலம் செய்யப் புகுந்தன, கப்பல்களும் அரியவாயின. கனி தன் நிலத்திலிருந்தும் கூரைக்குத் தகடில்லாத நிலையை அந்நாடு எய்திற்று.

அந்நாட்டார் வாளாவிருந்தாரல்லர். 1915-இல் நியூகாசில் நகரில் எஃகாலை திறக்கப்பெற்றது. 1916-இல் தோன்றிய ஒரு கம்பெனி, தாஸ்மானியாவின் ரிஸ்டனில் நீர்மின் விசையாற் துத்தநாகம் பிரித்தெடுக்கலாயிற்று. 1921-இல் லைசாட் கம்பெனியார் அதே நியூகாசிலில் தகடு உருட்டும் ஆலை அமைத்தனர். ஏழாண்டிற்குள் மூன்று கயிறுகளும் உள்நாட்டிலேயே முறுக்கப்பட்டன.

இனி நம் நாட்டை நோக்குவோம். ஜாம்ஷெட்பூர் ஆலை 1912-இல் எஃகு வார்க்கத் தொடங்கியது. 1924-இல் இயற்றப்பெற்ற எஃகுத் தொழிற் பாதுகாப்புச் சட்டம் அயல்நாட்டுத் தகரத்தின்மீதும் வரி விதித்தது. ஆலை வளர்ந்தது, வாங்குவோர்க்கு விலையும் மிகுந்தது. துத்தநாகமோ பின்னும் நெடுங்காலம் வெளிநாட்டினின்றே வந்தது. இராஜஸ்தானத்து ஜாவர் என்னும் ஊரில், ஐரோப்பியர் அம்முறையைக் கைக்கொள்ளுதற்குப் பன்னூறாண்டு முன்னரே துத்தநாகம் வாலைவடித்தனர் என்பதை எண்ணுங்கால் இஃது இரங்கத்தக்கதே. 1967-இல் ஆலுவாய்க்கு அருகிலும், 1968-இல் உதயப்பூருக்கு அருகில் தேபாரியிலும் உருக்காலைகள் எழுந்த பின்னரே அக்குறை நீங்கத் தொடங்கிற்று.

இதற்கிடையே இரண்டாம் உலகப் போரில், 1941-இல், இரும்பு எஃகுக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. போர் ஒழிந்தும் கட்டுப்பாடு பல வடிவில் நீடித்து, 1992-இல்தான் முற்றும் நீங்கியது. அக்காலத்து அரசாங்க விலை தாளில் மலிவாக இருந்தது. சரக்கோ பெர்மிட்டு உடையார்க்கே கிடைத்தது. பெர்மிட்டில்லாதவர் கள்ளச்சந்தையில் மிகுவிலை கொடுத்தனர். கிடையாத பொருளின் மலிவு மலிவன்று என்பதை அக்காலத்து ஒப்பந்தக்காரர் நன்கறிந்தனர்.

கட்டுப்பாடு நீங்கியும் இடர் நீங்கிற்றில்லை. பெருந்தொற்றுக்குப் பின் 2021-இல் எஃகின் விலை மிக உயர்ந்தது. ஐரோப்பாவில் மின்விலை ஏறியமையால் அங்குள்ள துத்தநாக உருக்காலைகள் சில உற்பத்தியைக் குறைத்தன. 2022 மே மாதத்தில் நம் அரசாங்கம் எஃகு ஏற்றுமதிக்கு வரி விதித்து, நவம்பரில் அதனை நீக்கியது. ஆறு திங்களுள் இருமுறை சந்தை திரும்பியதெனின், ஆண்டு முழுமைக்கும் ஒரே விலை பேசியவர் நிலை என்னாம்?

விலை ஏறுங்காற் சிலர் மெல்லிய தகட்டைப் போட்டு நட்டத்தைச் சரிக்கட்டுவர். கேஜ் எண் மிகுந்தால் தகடு மெலியும். இதனைக் கையால் தடவியும் அறியலாம். பூச்சின் குறையோ கண்ணுக்குத் தெரியாது. ஒரு சதுர மீட்டருக்கு இருபுறமும் சேர்த்து 275 கிராம் துத்தநாகம் உள்ள தகடும் 120 கிராம் உள்ள தகடும் புதிதாய் இருக்கையில் ஒன்றுபோல் ஒளிரும். சில மழைக்காலம் சென்றபின் துருவே உண்மையை உரைக்கும். அன்று கெடுவது கூரை மட்டுமன்று; வேய்ந்தவர் பெயருமாம்.

ஆகவே ஒப்பந்தம் எழுதுமுன் விலைக்குரிய நாளையும், தகட்டின் கனத்தையும், பூச்சின் எடையையும் எழுத்தில் வைத்தல் வேண்டும். ஆலைவிலை ஏறினும் இறங்கினும் அவ்வேறுபாட்டை இருவரும் பகிரும் விதியையும் சேர்த்தல் நன்று. முன்பணம் பெற்றவுடன் சரக்கை வாங்கி இருப்பு வைத்தலும் தக்கதே. வேலை கொடுப்போரும் இதனைச் சூழ்ச்சியென எண்ணாது, தம் கூரைக்கே காப்பென உணர்வாராக. சொன்ன விலையையும் சொன்ன சரக்கையும் ஒருங்கே காக்க வல்லவனே நாணயமுடைய ஒப்பந்தக்காரன் ஆவான். அவன் அங்ஙனம் காத்தற்கு இடங்கொடுப்பது, நடுநிலையோடு எழுதப்பெற்ற ஒப்பந்தமே.