நூம்பல் பக்கத்து ஞாயிற்றுக்கிழமை

சனிக்கிழமை விடிகாலையில் வேலப்பன்சாவடி நிறுத்தத்தில் இறங்குபவர்களைக் கவனித்துப் பாருங்கள். அப்பா கையில் ஒரு பை, அம்மா கையில் இரண்டு பை. பையில் முறுக்கு, பருப்புப் பொடி, துவைத்து மடித்த போர்வை. இங்குள்ள கல்லூரி விடுதியிலோ நூம்பலில் வாடகை வீட்டிலோ இருக்கும் பிள்ளையைப் பார்க்க வந்திருப்பார்கள். அன்று மாங்காடு, மறுநாள் காலை திருவேற்காடு, வெயில் குறைந்தால் பூந்தமல்லி சாலையில் இருக்கும் பொழுதுபோக்குப் பூங்கா. ஞாயிறு இரவு ஊருக்குப் பஸ்.

இதில் வரலாறு எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் இருக்கிறது!

இந்தச் சாலையில் பயணிகள் புதியவர்கள் அல்ல. வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்று ஒரே வழியில் மூன்று சாவடிகள். சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம். பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பி, காஞ்சி வரதருக்குப் பூ எடுத்துக்கொண்டு நடந்தே போய் வந்தார் என்பது வைணவ மரபு. 1839இல் தியாகராஜர் திருப்பதி, வாலாஜாபேட்டை, காஞ்சிபுரம் என்று யாத்திரை வந்தபோது, சுந்தரேச முதலியாரின் அழைப்பில் பக்கத்துக் கோவூருக்கும் வந்தார். கோவூர்ப் பஞ்சரத்தினம் அப்படிப் பிறந்ததுதான். திங்கட்கிழமை ஆபீஸ் என்ற கவலை இல்லாத பயணங்கள். நாள் பார்த்தார்கள், திதி பார்த்தார்கள். "லீவு" பார்க்கவில்லை.

வாரம் ஒரு நாள் எல்லாருக்கும் ஓய்வு என்பது இந்தியத் தொழிலாளிக்குத் தானாகக் கிடைத்தது அல்ல. 1881இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைத் தொழிலாளர்களுக்கு மட்டும் மாதம் நான்கு நாள் விடுமுறை தந்தது. (7 வயதுக் குழந்தை 9 மணி நேரம் வேலை செய்யலாம் என்றதும் இதே சட்டம்தான்!) பம்பாய் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டிய நாராயண் மேகாஜி லோகாண்டே பெரியவர்களுக்கும் விடுமுறை கேட்டார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று சுவையானது. ஞாயிறு கண்டோபா சாமிக்கு உகந்த நாள், தொழிலாளி கும்பிடப் போக வேண்டாமா என்றார். 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் இறங்கி வந்தார்கள். அடுத்த ஆண்டே, 1891 சட்டத்தில், வார விடுமுறை எல்லாத் தொழிலாளர்களுக்கும் உரியதாயிற்று. 2005இல் லோகாண்டேவுக்குத் தபால்தலை வெளியானது. ஆனால் ஞாயிறு மதியம் பிரியாணி சாப்பிடும் நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

இப்போது திருவேற்காட்டுக்கு வருவோம். சூரியன் தன்னை மதிக்காததால் கருமாரி கோபித்தாள், ஒளி இழந்த சூரியன் மன்னிப்புக் கேட்டு ஞாயிற்றுக்கிழமையை அவளுக்கே கொடுத்துவிட்டான் என்கிறது தலபுராணம். மராட்டியத்தில் கண்டோபா, இங்கே கருமாரி. வெள்ளைக்காரர் தேவாலயத்துக்குப் போன நாள், இப்படி நம் சாமிகளின் கணக்கிலும் சேர்ந்தே இருந்திருக்கிறது.

இந்தக் கணக்குக்குப் பொருத்தமாக ஆட்களைக் கொண்டுவந்தவை ஆலைகள். 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை, 1960களில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, அம்பத்தூர் தொழிற்பேட்டை. அதற்குள் 1948 தொழிற்சாலைச் சட்டம் வாரத்தின் முதல் நாளே விடுமுறை என்று எழுதியிருந்தது. வணிகவியல் மாணவர்கள் தொழிற்சட்டப் பாடத்தில் மனப்பாடம் செய்த 52ஆம் பிரிவு இதுதான். பிள்ளை குட்டியோடு போய் வர, சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் ஒரு கோயில். மாங்காட்டில் ஆறு வாரம் தொடர்ந்து எலுமிச்சம்பழத்தோடு போகும் வேண்டுதலுக்கும் வாரம் ஒரு நாள் கையில் இருக்க வேண்டும் அல்லவா?

சனிக்கிழமை பிறகு சேர்ந்தது. 1926இல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு ஐந்து நாள் வேலையைக் கொண்டுவந்தார். ஓய்வு இருந்தால்தான் கார் வாங்குவான் என்பது அவர் கணக்கு. இங்கே மத்திய அரசு அலுவலகங்களுக்கு அது 1985இல் வந்தது. வண்டலூர் உயிரியல் பூங்கா திறந்ததும் அதே 1985தான். தற்செயல்தான், ஆனால் பொருத்தமான தற்செயல். பின்னால் மென்பொருள் நிறுவனங்கள் வந்தபோது "வீக்எண்ட்" என்ற சொல்லே தமிழாகிவிட்டது.

சரி, இந்த ஞாயிறு எல்லாருக்கும் கிடைத்ததா?

கோயில் வாசலில் பூ விற்பவருக்கு ஞாயிறுதான் பெரிய வியாபாரம். ராட்டினம் இயக்குபவர், ஓட்டல் பரிமாறுபவர், பஸ் ஓட்டுநர், விடுதிக் காவலாளி, யாருக்கும் அன்று லீவு கேட்க முடியாது. கடைகளுக்கு 1947 சட்டமும் ஓட்டல்களுக்கு 1958 சட்டமும் வாரம் ஒரு நாள் விடுமுறை தந்தன. ஆனால் அது எந்த நாள்? ஓட்டலில் வேலை பார்ப்பவருக்குச் செவ்வாய் லீவு என்றால், அன்று பிள்ளை பள்ளியில் இருக்கும். பிள்ளைக்கு ஞாயிறு லீவு என்றால், அவர் அன்று யாருடைய பிள்ளைக்கோ இட்லி வைத்துக்கொண்டிருப்பார். விடுமுறையின் எண்ணிக்கை சட்டப்படி சரியாகத்தான் இருக்கிறது. ஒரே வீட்டில் இருப்பவர்களின் விடுமுறை ஒரே நாளில் வர வேண்டும் என்று 1891இலும் யாரும் எழுதவில்லை, 1948இலும் எழுதவில்லை.

ஆலைக்கு அது தேவைப்படவில்லை. ஆலையை ஒரே நாளில் மூடினால் தெருவே ஒன்றாக வீட்டில் இருந்தது. லோகாண்டே கேட்டதும் அப்படிப்பட்ட ஒரு நாளைத்தான்.

ஞாயிறு இரவு எட்டு மணிக்கு மேல் வேலப்பன்சாவடியில் மறுபடியும் கூட்டம். பைகள் காலியாகி இருக்கும். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்த அம்மா கடைசியாக ஒருமுறை "சாப்பிட்டியா?" என்று கேட்பார். பின்னாலேயே கடை மூடிவிட்டுப் பூக்காரம்மாவும் வருவார், காலிக் கூடையோடு.