எட்டு ட்ராக், இரண்டு இன்புட்

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்ய விரும்பி, கம்ப்யூட்டர் இல்லாமல் தனியே இயங்கும் ஒரு மல்ட்டி ட்ராக் ரெக்கார்டரைக் கைக்கு எட்டும் விலையில் தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது, பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் எண். 8 ட்ராக், 16 ட்ராக், 24 ட்ராக். எண் கூடினால் கருவியும் உசத்தி என்று நினைப்பது இயல்புதான். ஆனால் இந்த மலிவுக் கருவிகள் பிறந்து வளர்ந்த கதையைப் பார்த்தால், விலையை இறக்கத் தயாரிப்பாளர்கள் திரும்பத் திரும்பக் கைவைத்த இடம் வேறு என்று தெரிகிறது. ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகளைக் கருவி தனித்தனியாக உள்ளே வாங்கிப் பதியும் என்பதே அந்த இடம். அந்த எண் சிறிய எழுத்தில், விவரப் பட்டியலின் நடுவில் எங்காவது இருக்கும். நாடா போய், ஹார்டு டிஸ்க் போய், மெமரி கார்டு வந்த பிறகும் இந்த வெட்டு அப்படியே இருக்கிறது. அதற்குக் காரணம் கஞ்சத்தனமும் அல்ல, சதியும் அல்ல.

ஒரே ஆள் பல ஆளாக வாசிக்கும் வித்தையைப் பொதுமக்கள் காதுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க கிடார் கலைஞர் லெஸ் பால். 1948இல் அவர் வெளியிட்ட ‘லவர்’ இசைத்தட்டில் கேட்கும் கிடார்கள் எல்லாம் அவர் வாசித்தவை. ஒரு தட்டில் பதிந்ததை ஓடவிட்டு, அதனோடு சேர்ந்து வாசித்து இன்னொரு தட்டில் பதிந்தார். பாடகர் பிங் கிராஸ்பி அவருக்கு ஓர் ஆம்பெக்ஸ் நாடாக் கருவியைப் பரிசளித்த பிறகு, அதில் கூடுதலாக ஒரு ஹெட் பொருத்தி, ஓடும் நாடாவின் பழைய ஒலியோடு புதிய ஒலியைக் கலந்து அதே நாடாவில் பதியத் தொடங்கினார். மேரி ஃபோர்டுடன் சேர்ந்து 1951இல் வெளியிட்ட ‘ஹவ் ஹை த மூன்’ அப்படி அடுக்கடுக்காக உருவானதுதான். இந்த முறையில் ஒரு கொடுமை இருந்தது. ஏழாவது அடுக்கில் விரல் தவறினால் முந்தைய ஆறு அடுக்கும் சேர்ந்தே பாழாகும். அடுக்குகள் தனித்தனித் தடங்களில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. 1957இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் ஓர் அங்குல நாடாவில் எட்டுத் தடங்கள் பதியும் கருவியைக் கட்டி லெஸ் பாலுக்கு விற்றது. அன்றைய விலை 10,000 டாலர்.

அந்தக் கருவியின் உயிர்நாடி எட்டு என்ற எண்ணில் இல்லை, ‘செல்-சிங்க்’ என்று ஆம்பெக்ஸ் பெயரிட்ட ஏற்பாட்டில் இருந்தது. நாடாக் கருவியில் பதியும் ஹெட் ஓரிடத்திலும் ஒலிக்கும் ஹெட் சற்றுத் தள்ளியும் இருக்கும். பழைய தடத்தைக் கேட்டுக்கொண்டே புதிய தடத்தில் வாசித்தால், அந்த இடைவெளிக்கு ஏற்ப இரண்டும் தாளம் பிசகி விழும். செல்-சிங்க் முறையில் பதியும் ஹெட்டே பழைய தடங்களுக்கு ஒலிக்கும் ஹெட்டாகவும் வேலை செய்தது. எனவே பழையதும் புதியதும் நாடாவில் ஒரே நேர்க்கோட்டில் அமைந்தன. இதிலிருந்து கிளைத்த ஒரு விஷயத்தை அன்று யாரும் சந்தைப்படுத்தவில்லை. தனியாள் ஒருவர் அடுக்கு அடுக்காகப் பதியும்போது எட்டுத் தடங்களையும் கேட்க வேண்டும், ஆனால் எந்த நொடியிலும் அவர் பதிவது ஒன்றோ இரண்டோதான். கேட்கும் வழிகள் எட்டு, பதியும் வழிகள் இரண்டு என்று கருவியைக் கட்டினால் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை, தயாரிப்பாளருக்கோ செலவு குறைகிறது. 1970களின் தொடக்கத்தில் ஜப்பானின் டியாக் நிறுவனம் 3340 வரிசைக் கருவிகளில் கால் அங்குல நாடாவுக்கு இதே ஒத்திசைவைக் கொண்டுவந்து, நான்கு தடங்களை வீட்டு வாசல்வரை கொண்டுவந்தது. மிக்ஸரைத் தனியாக வாங்க வேண்டியிருந்ததால் செலவு இன்னும் எல்லோருக்கும் கட்டுப்படியாகவில்லை.

அதே டியாக் 1979இல் கொண்டுவந்த 144 போர்ட்டாஸ்டுடியோவில்தான் கணக்கு முழுமையானது. சாதாரண கேசட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு, மறுபக்கத்துக்கு இரண்டு என நான்கு தடங்கள் உண்டு. நான்கையும் ஒரே திசையில் ஓடவிட்டால் அதுவே நான்கு ட்ராக் கருவி. ஒலி தேய்ந்துபோகாமல் இருக்க நாடாவின் வேகத்தை இரட்டிப்பாக்கினார்கள். இரைச்சலை அடக்க டிபிஎக்ஸ் சுற்று சேர்த்தார்கள். மிக்ஸரையும் அதே பெட்டிக்குள் வைத்தார்கள். இத்தனையும் சுமார் ஆயிரம் டாலருக்குக் கிடைக்க, பிடுங்கப்பட்டவை எவை என்று பார்க்க வேண்டும். 60 நிமிட கேசட்டில் 15 நிமிடம்தான் பதியலாம். ஒரே நேரத்தில் பதியக்கூடியவை இரண்டு தடங்கள் மட்டுமே. மூன்று தடங்களை நான்காவதில் கலந்து, காலியான மூன்றில் மறுபடி பதியும் ‘பவுன்ஸ்’ முறையால் தடப் பஞ்சத்தைச் சமாளிக்கலாம், ஆனால் கலந்ததைப் பிரிக்க முடியாது. பின்னால் வந்த 244 நான்கையும் ஒருசேரப் பதிந்தது. 1983இல் ஃபாஸ்டெக்ஸ் விலையை இன்னும் கீழே இறக்க எக்ஸ்-15 கருவியைக் கொண்டுவந்தபோதோ, மறுபடியும் வெட்டு விழுந்தது அதே இடத்தில்தான். தடம் நான்கு, ஒரே நேரத்தில் இரண்டு.

இந்தக் கதையில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது புரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’வை. 1982 ஜனவரியில் நியூஜெர்சியில் தன் வீட்டறையில் ஒரு 144 கருவி, இரண்டு ஷூர் எஸ்எம்57 மைக்குகள் ஆகியவற்றை வைத்து அவர் மாதிரிக்காகப் பதிந்த பாடல்கள், பிறகு முழு வாத்தியக் குழுவோடு ஸ்டுடியோவில் பதிந்தவற்றைப் பின்தள்ளிவிட்டு அப்படியே ஆல்பமாக அந்த ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தன. மலிவுக் கருவி எதையும் சாதிக்கும் என்பதற்குச் சான்றாக இதை நீட்டுகிறவர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். அந்தக் கேசட்டிலிருந்து இசைத்தட்டுக்கான மூலப் பிரதியை எடுக்கத் தொழில்முறைப் பொறியாளர்கள் படாதபாடு பட்டார்கள். வீட்டில் பதிந்து பார்க்கும் சாதாரண ஆர்வலருக்கு அந்த வசதி கிடையாது. அதைவிட முக்கியம், பதிந்த இசையின் இயல்பு: ஒருவர் குரல், அவர் கிடார், பின்னால் சேர்த்த சிறு வாத்தியங்கள். இரண்டு மைக், இரண்டு தடம் என்ற வரம்புக்குள் கச்சிதமாக அடங்கும் இசை அது. கருவி அவருக்குப் பொருந்தியது என்றுதான் இதிலிருந்து சொல்லலாம், கருவிக்கு வரம்பே இல்லை என்று சொல்ல முடியாது.

இன்னொரு ஒப்பீடு இதைவிடப் பிரபலம். பீட்டில்ஸ் 1967இல் வெளியிட்ட ‘சார்ஜன்ட் பெப்பர்’ ஆல்பத்தைப் பதிந்ததும் நான்கு ட்ராக் கருவியில்தான், எனவே கேசட் கருவி வாங்கியவர் கையில் இருப்பதும் அதே வசதிதான் என்பார்கள். லண்டன் ஸ்டுடியோவில் இருந்த ஸ்டூடர் கருவி நான்கு தடங்களை ஓர் அங்குல நாடாவில் பரப்பியது. கேசட் நாடாவின் மொத்த அகலமே நாலு மில்லிமீட்டருக்குள். அங்கே நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடியது, இங்கே இரட்டித்த பிறகும் மூன்றே முக்கால். அந்த நான்கு தடங்களுக்குப் பின்னால் ஒரு பெரிய மிக்ஸரும், பல மைக்குகளை ஒரே தடத்தில் முன்கூட்டியே கலந்து பதியத் தெரிந்த பொறியாளர்களும் இருந்தார்கள். ட்ராக் எண் மட்டும் எதையும் அளக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. சான்றைக் காட்டுகிறவர்களே அதைத் தலைகீழாகப் படிக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

டிஜிட்டல் வந்ததும் வரம்பு சிறிது காலம் வேறிடத்துக்கு நகர்ந்தது போலத் தோன்றியது. 1991இல் அறிவிக்கப்பட்ட அலெசிஸ் நிறுவனத்தின் ஏடேட், வீடியோ கேசட்டில் எட்டு டிஜிட்டல் தடங்களைப் பதிந்து ஸ்டுடியோத் தொழிலையே புரட்டிப்போட்டது. அதன் விலை 4,000 டாலரை ஒட்டி இருந்ததால் பொழுதுபோக்காகப் பதிகிறவருக்கு அது எட்டாக்கனிதான். அவருக்காக 1990களின் நடுவில் வந்தவை மினிடிஸ்க் கருவிகளும், 1996இல் ரோலண்டு கொண்டுவந்த விஎஸ்-880 போன்ற ஹார்டு டிஸ்க் கருவிகளும். அப்போதைய நெருக்கடியைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். சிடி தரத்தில் ஒரு தடம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5.3 மெகாபைட் எடுக்கும். எட்டுத் தடங்களுக்கு நிமிடத்துக்கு 42. பாஸ் நிறுவனத்தின் பிஆர்-8 பயன்படுத்திய ஸிப் டிஸ்க்கின் கொள்ளளவு 100 மெகாபைட். அப்படியே பதிந்தால் இரண்டரை நிமிடம்கூடத் தாங்காது, ஒரு பாட்டின் சரணத்துக்குள் டிஸ்க் நிறைந்துவிடும். அதனால் ஒலியைச் சுருக்கிப் பதிந்தார்கள். மினிடிஸ்க்கிலும் அதே சுருக்கம்தான். அந்த நாட்களில் கருவி வாங்கியவர்கள் பிட், சுருக்கம், நிமிடம் என்று மண்டையை உடைத்துக்கொண்டதற்கு நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கூச்சலுக்கு அடியில் பிஆர்-8 எத்தனை தடங்களை ஒருசேரப் பதிந்தது? இரண்டு. பெட்டியில் எட்டு ட்ராக், போதாததற்கு 64 ‘விர்ச்சுவல் ட்ராக்’ என்று பெருமை. அந்த 64 என்பது ஒரே பகுதியைப் பலமுறை பாடிப் பதிந்து வைத்துக்கொண்டு, பிறகு நல்லதைத் தேர்ந்தெடுக்கும் வசதி. பயனுள்ளதுதான், ஆனால் ஒரே நேரத்தில் கேட்பது எட்டுக்கு மேல் போகாது.

பிறகு மெமரி விலை சரிந்தது. 2009இல் வந்த ஸூம் ஆர்16 கருவியில் போடக்கூடிய 32 ஜிபி கார்டில், சிடி தரத்தில் ஒற்றைத் தடம் சுமார் நூறு மணி நேரம் கொள்ளும். சுருக்க வேண்டிய தேவையே போயிற்று. ட்ராக் எண்ணைக் கூட்டுவதும் ஏறக்குறையச் செலவில்லாத காரியமாகிவிட்டது. செலவு குறையாதது வாசலில்தான். ஒவ்வொரு இன்புட்டுக்கும் ஒரு சாக்கெட், ஒரு பிரீஆம்ப், ஒரு குமிழ், அனலாக்கை டிஜிட்டலாக்கும் ஒரு சுற்று, கண்டென்சர் மைக் என்றால் 48 வோல்ட் மின்சாரமும் வேண்டும். இவை உலோகமும் பிளாஸ்டிக்கும் சாலிடரும் சேர்ந்த பொருட்கள். மெமரிச் சில்லு விலை போல வேகமாக இறங்காது. அதனால்தான் ஆர்16 எட்டு இன்புட்டுகளோடு வந்தபோதும் 48 வோல்ட் மின்சாரத்தை இரண்டு இன்புட்டுகளுக்கு மட்டும் கொடுத்தது. இரண்டு ஆண்டு கழித்து அதே நிறுவனம் விற்ற மலிவுத் தம்பியான ஆர்8, எட்டு ட்ராக்கும் இரண்டு இன்புட்டுமாக வந்தது. டாஸ்காமின் டிபி-24இல் இருபத்துநான்கு ட்ராக் என்பதைப் பிரித்துப் பார்த்தால் 12 மோனோ, 6 ஸ்டீரியோ. ஒருசேரப் பதிவது எட்டு. 2023இல் ஸூம் கொண்டுவந்த ஆர்4இல் ட்ராக் நான்கு, இன்புட் இரண்டு, கூடவே பவுன்ஸ் செய்யத் தனி ட்ராக். பதியும் நுட்பம் 32 பிட் ஃப்ளோட், அமைப்போ போர்ட்டாஸ்டுடியோ காலத்தது.

கம்ப்யூட்டர் வந்த பிறகு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்வி. 2004இல் ஆப்பிள் தன் கணினிகளோடு கராஜ்பேண்டைக் கொடுக்கத் தொடங்கியபோதே தனிக் கருவிகளின் காலம் முடிந்தது என்றார்கள். ட்ராக் எண்ணிக்கையிலும் திருத்தும் வசதியிலும் கம்ப்யூட்டரோடு எந்தச் சிறு பெட்டியும் போட்டியிட முடியாது, அதில் வாதமே இல்லை. ஆனால் கம்ப்யூட்டருக்குள் ஒலியை அனுப்ப ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும். கடையில் அதை எந்த அடிப்படையில் விலை பிரிக்கிறார்கள் என்று பார்த்தால் அதே இரண்டு, நான்கு, எட்டு இன்புட் வரிசைதான். வரம்பு மறையவில்லை, வேறு பெட்டிக்கு மாறியிருக்கிறது. இதற்கு மேல், பாடிய குரல் கம்ப்யூட்டருக்குள் போய்க் காதுக்குத் திரும்பும் தாமதத்தைச் சரிசெய்யும் வேலையும் உண்டு. தனிக் கருவியில் பொத்தானை அழுத்தினால் பதிகிறது. ஆர்16 போன்றவை தேவைப்பட்டால் யூஎஸ்பி வழியே இன்டர்ஃபேஸாகவும் இருக்கும் என்பதால், இதுவா அதுவா என்ற சண்டை பாதி பொய்ச்சண்டை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது: தனியாகப் பாடி வாசிக்கிறவருக்கு எட்டு இன்புட் எதற்கு? எதற்குமே இல்லை. அவருக்கு இரண்டு இன்புட் கருவியே சரி. மிச்சப் பணத்தில் நல்ல மைக் வாங்கலாம். ஆனால் அந்தச் சிக்கனம் ஒருவகை இசையை முன்வைத்துக் கட்டப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. முன்பே தீர்மானித்த தாளத்தில் ஒவ்வொரு பகுதியாக மேலே மேலே ஏற்றும் பாட்டுக்கு அது பொருந்தும். டிரம்ஸுக்கே நான்கு மைக் கேட்கும் குழுவுக்குப் பொருந்தாது. கர்நாடகக் கச்சேரிக்கும் பொருந்தாது. பாடகர் விட்ட கல்பனாஸ்வரத்தை வயலின் அந்த நொடியில் பிடித்துத் திருப்புவதும், மிருதங்கம் இருவரையும் கேட்டு நடையை மாற்றுவதும் அடுக்கி வைக்கும் காரியங்கள் அல்ல. குரலுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் இரு முகங்களுக்கு இரண்டு என நான்கு இன்புட்டாவது ஒருசேரத் திறந்திருந்தால்தான் பிறகு தனித்தனியே சரிசெய்ய முடியும். ஆக, வாங்குகிறவர் எண்ண வேண்டியது தன் அறையில் ஒரே நேரத்தில் வாசிக்கப் போகிறவர்களை.

பழைய கருவிகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றனவே என்பவர்களுக்கு, வாசலைப் போலவே வெளியேறும் வழியும் முக்கியம். விஎஸ்-880 இன்றைக்கும் பதியும், நான்கு அனலாக் இன்புட்டும் நன்றாகவே இருக்கும். ஆனால் அது பாட்டைத் தன் சொந்த வடிவத்தில் எழுதி வைப்பதால், எந்தக் கம்ப்யூட்டரிலும் சாதாரணக் கோப்பாகத் திறக்க முடியாது. தடங்களை வெளியே எடுக்க ஸ்கஸி கேபிள், ஸிப் டிரைவ், மாற்றித் தரும் தனி மென்பொருள் என்று அலைய வேண்டும், அல்லது ஒவ்வொன்றாக ஓடவிட்டு மறுபடி பதிய வேண்டும். பழைய கேசட்டையாவது, ஓட்டும் கருவி ஒன்று கிடைத்தால் கேட்டுவிடலாம். எஸ்டி கார்டில் வேவ் கோப்பாக எழுதும் கருவி என்றால், கருவி பழுதான மறுநாளும் கார்டைக் கழற்றி வேறு எதிலும் போட்டுக் கேட்கலாம். விலைச்சீட்டில் இந்த வித்தியாசம் தெரியாது, விவரப் பட்டியலில் கோப்பு வகை என்ற வரியில் தெரியும்.