படிக்கிற பிள்ளையின் பொழுது

நம் கல்வி வரலாற்றை எழுதுகிறவர்கள் பட்டங்களை எண்ணுகிறார்கள். முதல் பட்டதாரி யார், முதல் வக்கீல் யார், எந்த வருஷம் எந்த அரசாணை வந்தது. எண்ண வேண்டியதுதான். ஆனால் காலேஜுக்குள் கால் வைத்த சேரிப்பிள்ளைக்கு ஒரு நாள் எப்படிக் கழிந்தது, அந்த நாளில் படிப்புக்கென்று எத்தனை நாழிகை மிஞ்சியது என்று அதிகம் கேட்பதில்லை. இலக்கிய மாணவன் என்றதும் ஊர் ஒரு படம் வைத்திருக்கிறது. மரத்தடி, கையில் கவிதைப் புத்தகம், கேன்டீன் டீ, சாயங்காலம் வரை அரட்டை. அந்தப் பொழுது யாருக்கு வாய்த்தது?

இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் தம் கோயம்புத்தூர் கலாசாலை நாட்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறார். கொஞ்சம்தான், ஆனால் போதும். சுமார் 400 மாணவர்கள். பத்துப் பேர் நீங்கலாக மற்றவரெல்லாம் பிராமணர். தன் சாதி எது, வீடு எங்கே, குடும்பம் எது என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று அந்தப் பிள்ளைக்குப் பயம். அதனால் யாரோடும் விளையாடியதில்லை. சீக்கிரம் வந்துவிட்டால் வெளியிலேயே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். சாயங்காலம் விட்டதும், பின்னால் வருகிற பசங்க எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் வீட்டைப் பார்த்து நடை.

இதை வெறும் கூச்சம் என்று படித்துவிட்டுப் போகக் கூடாது. ஒரு முழு நாளையும் கண்டுபிடிக்கப்படாமல் இருப்பதற்கென்றே பங்கு போட்டு வைத்திருக்கிறார். வகுப்புக்கு முந்தின கால் மணி, வகுப்பு விட்ட பிந்தின கால் மணி, இந்த இரண்டிலும்தான் நோட்டு கைமாறுகிறது, சிநேகம் உண்டாகிறது, எந்த வாத்தியார் நன்றாக நடத்துகிறார், எங்கே வேலை காலி இருக்கிறது என்ற சேதியெல்லாம் தெரியவருகிறது. பாடம் அவருக்குக் கிடைத்தது. அந்தக் கால் மணிகள் கிடைக்கவில்லை. எந்தப் பேரை மறைக்க அப்படி நடந்தாரோ அந்தப் பேரையே 1893 அக்டோபரில் தம் பத்திரிகைக்குத் தலைப்பாக வைத்தார். ‘பறையன்’.

பம்பாயில் அம்பேத்கருக்குப் பொழுது நடுராத்திரியிலேயே விடிந்தது. பரேல் சாலில் ஒற்றை அறை. அதுவே சமையல்கட்டு, அதுவே படுக்கை, ஆடு கூட அங்கேதான். வீட்டுச் சந்தடி அடங்கும்வரை அப்பா ராம்ஜி விழித்திருந்து, இரண்டு மணிக்கு மகனை எழுப்பிவிட்டுத் தான் படுப்பாராம். ஒரு மனுஷன் படுக்க இன்னொரு மனுஷன் எழுந்திருக்கணும், இடம் அவ்வளவுதான். எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் இருந்த ஓட்டல்காரர் அவருக்கு டீயும் கொடுக்கமாட்டார், தண்ணீரும் கொடுக்கமாட்டார். 1912இல் பி.ஏ. முடித்தார். பள்ளியில் அவருக்குச் சமஸ்கிருதம் படிக்க ஆசை. வாத்தியார் சொல்லித்தர மறுத்ததால் பாரசீகம் எடுத்துப் படித்தார்.

அந்த மொழியை ஒரு தலைமுறைக்குப் பிறகு நாக்பூரில் ஒரு மகார் பெண் கேட்டு வாங்கினாள். குமுத் சோம்குவர், 1938இல் பிறந்தவர். கோகலே குருஜி என்கிற ஆசாரமான பிராமண ஆசிரியரே அவருக்கு மனசார சொல்லிக் கொடுத்தார் என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். சமஸ்கிருத இலக்கியத்தில் எம்.ஏ. தேறினார். பாராட்டு வந்தது, வேலை வரவில்லை. கலப்பு மணம் செய்து பாவ்டே என்கிற சாதி இந்துக் குடும்பப் பேர் ஒட்டிக்கொண்ட பிறகுதான் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. வேலை கிடைத்தது குமுத் பாவ்டேவுக்குத்தான், குமுத் சோம்குவருக்கு அல்ல என்று 1981இல் வந்த ‘அந்தஸ்போட்’ நூலில் கணக்கைத் தீர்த்துவிடுகிறார்.

நம் பக்கத்துத் தமிழ் வகுப்புக்கு வருவோம். இங்கே மொழி நம்முடையது, யாரும் மறுப்பதில்லை. ஆனால் நந்தன் பாடம் நடக்கும்போது கடைசி பெஞ்சில் இருக்கிறவனுக்கு என்ன ஆகும்? பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் சொன்ன திருநாளைப்போவாருக்கு ஆண்டை கிடையாது. பிராமண ஆண்டையைக் கொண்டுவந்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோபாலகிருஷ்ண பாரதியார். இந்த வித்தியாசத்தை மார்க்குக்காகப் படிக்கிறோம். நெருப்பில் இறங்கிய பிறகுதான் இரண்டு பேர் கதையிலும் நந்தனுக்குக் கோயில் என்பதைப் பக்தி என்ற ஒரு சொல்லில் முடித்துக்கொண்டு அடுத்த பாடம். மணி அடித்துவிடும். ஹாஸ்டலில் சோத்துக்கு வரிசை. காலையில் சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் படிக்கட்டு. 1944இல் தொடங்கிய மேல்படிப்பு உதவித்தொகைக்கு இந்தக் காகிதம் வேணும். சீனிவாசன் மறைக்க ஓடினார், பேரப்பிள்ளை நிரூபிக்க ஓடுகிறான். ஓட்டம் மட்டும் நிற்கவில்லை.

பொழுதைப் பற்றித் திட்டம் போட்டு யோசித்தவர் பாபாசாகேப். மக்கள் கல்விக் கழகத்தை 1945இல் தொடங்கி, மறு வருஷம் ஜூன் 20ஆம் தேதி பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். வகுப்புகளைக் காலையில் வைத்தார். ஆபீஸ் திறக்கிறதுக்கு முன்னால் பாடம் முடிந்துவிடும். சம்பளத்தை விட்டுவிட்டுப் படிக்க முடியாத பிள்ளை, படித்துவிட்டு வேலைக்குப் போகலாம். இதைச் சின்ன ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். மற்ற கல்லூரிகளின் நேரப்பட்டியல், பகல் முழுக்கச் சும்மா இருக்க வசதியுள்ள வீட்டுப் பையனை மனசில் வைத்துப் போட்டது. இது அப்படியல்ல. இரண்டு மணிக்கு எழுந்து படித்தவன் போட்ட நேரப்பட்டியல். 1950இல் அவுரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரி வந்தபோது மராத்வாடாக் கிராமத்துப் பிள்ளைகள் அங்கே வந்து சேர்ந்தார்கள். அமெரிக்காவில் படித்துத் திரும்பிய எம்.என். வான்கடே அங்கே முதல்வராக இருந்தார். கறுப்பர் இலக்கியத்தைப் பற்றி மாணவர்களிடம் பேசினார். கங்காதர் பான்தாவ்ணே நடத்திய ‘அஸ்மிதாதர்ஷ்’ அந்த ஊரிலிருந்துதான் 1960களின் கடைசியில் கிளம்பியது.

பாடம் காலையில், வேலை பகலில் என்றால் ராத்திரி யாருடையது? பம்பாய் வடாலாவில் சித்தார்த் விகார் என்றொரு மாணவர் விடுதி. ராஜா தாலே, ஜே.வி. பவார், நாம்தேவ் தசால் எல்லாரும் அங்கே கூடுவார்கள். கவிதை வாசிப்பு, சண்டை, கிராமங்களிலிருந்து வருகிற கொடுமைச் சேதிகள், நோட்டீஸ் எழுதுவது என்று ராத்திரி போகும். சீனிவாசனுக்குக் கிடைக்காமல் போன அந்தக் கால் மணி இங்கே விடிய விடிய நீண்டது. 1972இல் தலித் பேந்தர்ஸ் அந்தக் கூட்டத்திலிருந்து கிளம்பியது.