சராசரிக்குள் மறையும் பிள்ளைகள்: மான்ட்கோமரி கவுண்டியின் உயர்நிலைப் பள்ளிகளை ஒப்பிடும் முறை பற்றி

வாஷிங்டன் நகரை ஒட்டி வடக்கே பரந்திருப்பது மேரிலாண்ட் மாநிலத்தின் மான்ட்கோமரி கவுண்டி. அங்கே வீடு தேடும் பெற்றோர், தமிழரும் இதில் அடக்கம், படுக்கையறை எத்தனை என்று கேட்கும் முன்பே எந்த உயர்நிலைப் பள்ளி என்று கேட்பார்கள். ஸில்லோ இணையத்தளத்தில் வீட்டின் விபரத்தோடு, அருகிலுள்ள பள்ளிகளுக்கு கிரேட்ஸ்கூல்ஸ் நிறுவனம் பத்துக்கு இட்ட மதிப்பெண்ணும் இருக்கும். பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்து அந்த எண்ணை நம்பிக் கடன் வாங்குகிறார்கள். ஆனால் சராசரித் தேர்ச்சியை வைத்துப் பள்ளிகளை வரிசைப்படுத்தும்போது நாம் அளப்பது பெரும்பாலும் கற்பித்தலை அல்ல. அந்தப் பள்ளியின் எல்லைக்குள் யாரால் வீடு வாங்க முடிந்தது என்பதையே. இக்கட்டுரையின் வாதம் இதுதான்.

இதைச் சோதிக்க மான்ட்கோமரி பொருத்தமான களம். இல்லினாய் மாநிலத்தின் குக் கவுண்டியில் பள்ளி வாரியங்கள் பல. செல்வர் வாழும் வின்னெட்கா பகுதியின் நியூ டிரியர் பள்ளிக்குத் தனி வாரியம், தனிச் சொத்துவரி. அங்கே இரு பள்ளிகளை ஒப்பிட்டால் இரு கருவூலங்களையும் சேர்த்தே ஒப்பிட்டதாகிவிடும். மேரிலாண்டில் அப்படியில்லை. 23 கவுண்டிகளும் பால்டிமோர் நகரமும் சேர்ந்து மொத்தம் 24 பள்ளி நிர்வாகங்கள்தான். மான்ட்கோமரியில் பெதஸ்டாவின் மாளிகைக்கு விதிக்கும் சொத்துவரியும் கெய்தர்ஸ்பர்கின் அடுக்ககத்துக்கு விதிக்கும் சொத்துவரியும் ஒரே கவுண்டிக் கருவூலத்துக்குப் போகின்றன. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவருக்கு ஒரே கல்வி வாரியம், ஒரே பாடத்திட்டம், ஆசிரியருக்கு ஒரே சம்பள விகிதம். இவ்வளவும் பொதுவாக இருந்தும் பெதஸ்டாவின் வால்ட் விட்மன் பள்ளிக்கும் கவுண்டியின் கிழக்குப் பகுதிப் பள்ளிகளுக்கும் இடையே தேர்ச்சியில் பெரிய இடைவெளி நிலவுகிறது. காரணத்தைப் பள்ளி வாசலுக்கு வெளியிலும் தேடத்தான் வேண்டும்.

இந்தத் தேடல் புதிதல்ல. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவரை ஆராய்ந்த சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மனின் 1966ஆம் ஆண்டு அறிக்கை, பள்ளிகளின் வசதி வேறுபாட்டைவிடக் குடும்பப் பின்னணியே தேர்ச்சியை அதிகம் விளக்குகிறது என்று கண்டது. தரவரிசைப் பட்டியல்கள் அதற்குப் பிறகு வந்தவை. அந்தப் பாடத்தை அவை போதிய அளவு ஏற்கவில்லை.

சராசரி எப்படி ஏமாற்றுகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். முதல் பள்ளியில் 100 பேரில் 80 பேர் வசதியானவர்கள், 20 பேர் ஏழைகள். வசதியானவரில் 90 விழுக்காட்டினரும் ஏழைகளில் 50 விழுக்காட்டினரும் தேறுகிறார்கள். மொத்தம் 82 பேர் தேர்ச்சி. இரண்டாம் பள்ளியில் வசதியானவர் 30 பேர், ஏழைகள் 70 பேர். இங்கே வசதியானவரில் 27 பேரும், அதாவது அதே 90 விழுக்காடும், ஏழைகளில் 42 பேரும், அதாவது 60 விழுக்காடும் தேறுகிறார்கள். மொத்தம் 69. பட்டியலில் இரண்டாம் பள்ளி 13 புள்ளி பின்தங்கி நிற்கும். ஆனால் வசதியான பிள்ளைக்கு அது எந்த வகையிலும் குறைந்ததல்ல. ஏழைப் பிள்ளைக்கோ முதல் பள்ளியைவிட மேலானது. நன்றாகப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்குப் பட்டியல் தரும் பரிசு அவப்பெயர்தான்.

சராசரி மறைப்பதற்கு மறுவகை உதாரணம் சில்வர் ஸ்பிரிங்கின் மான்ட்கோமரி பிளேர் பள்ளி. இன ஒருங்கிணைப்பை நோக்கமாகக் கொண்டு 1985இல் அங்கே அறிவியல், கணிதம், கணினிக்கான சிறப்புப் பிரிவு தொடங்கினார்கள். விண்ணப்பித்துத் தேர்வாகி வெகுதொலைவிலிருந்து வரும் பிள்ளைகளும், பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வரும் அகதிக் குடும்பப் பிள்ளைகளும் ஒரே கட்டடத்தில் படிக்கிறார்கள். இருவரையும் கூட்டி வகுத்து வரும் எண் இருவரில் எவரைப் பற்றியும் எதையும் சொல்லாது.

அளவுகோல்களும் தம்மளவில் கோணலானவை. ஜே மேத்யூஸ் என்ற பத்திரிகையாளர் வகுத்த 'சேலஞ்ச் இண்டெக்ஸ்', மாணவர்கள் எழுதிய கல்லூரித் தரத் தேர்வுகளின் எண்ணிக்கையைப் பள்ளிப் படிப்பை முடிப்போர் எண்ணிக்கையால் வகுக்கிறது. தேர்வில் எத்தனை பேர் தேறினார்கள் என்பது அந்த விகிதத்தில் வராது. எளிய பிள்ளைகளுக்கும் கடினப் பாடங்களைத் திறந்துவிடும் பள்ளியைப் பாராட்டுவதே மேத்யூஸின் நோக்கம். அது நல்ல நோக்கம். ஆனாலும் தேர்வறைக்கு ஆள் சேர்ப்பதும் கற்பிப்பதும் ஒன்றல்ல. நான்கு ஆண்டுகளில் பள்ளிப் படிப்பை முடிப்போர் விகிதம் என்ற அளவுகோலின் குறை இதைவிட வருத்தம் தருவது. எல் சால்வடாரிலிருந்து பதினாறு வயதில் ஆங்கிலம் தெரியாமல் வந்து, பகுதிநேர வேலையும் பார்த்து, ஐந்தாம் ஆண்டில் சான்றிதழ் வாங்கும் பையன் அந்தக் கணக்கில் தோற்றவனாகவே பதிவாகிறான்.

அப்படியானால் எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும் ஒன்றுதானா? இல்லை என்பதற்கு வலுவான சான்று இதே கவுண்டியிலிருந்து கிடைத்தது. புதுக் குடியிருப்புகளில் ஒரு பங்கைக் குறைந்த வருவாயினருக்கு ஒதுக்கவேண்டும் என்ற சட்டம் இங்கே 1970களிலிருந்தே உண்டு. அவற்றில் ஒரு பகுதியைக் கவுண்டியின் வீட்டுவசதி ஆணையம் வாங்கி, ஏழைக் குடும்பங்களைக் குலுக்கல் அடிப்படையில் குடியமர்த்தியது. அதனால் ஒத்த நிலையிலுள்ள குழந்தைகள் வெவ்வேறு பள்ளிகளுக்குச் சென்றார்கள். அவர்களில் சுமார் 850 பேரை 2001 முதல் 2007 வரை ஆய்வாளர் ஹீதர் ஷ்வார்ட்ஸ் தொடர்ந்து ஆராய்ந்து 2010இல் முடிவை வெளியிட்டார். வறுமை குறைந்த தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்ற குழந்தைகள், கூடுதல் நிதி பெற்ற வறுமை மிகுந்த பள்ளிகளுக்குச் சென்றோரை முந்தினார்கள். கணிதத்தில் வசதியான பிள்ளைகளோடு அவர்களுக்கிருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது.

இது தொடக்கப் பள்ளி ஆய்வு. உயர்நிலைப் பள்ளிக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் ஒப்பீடு எப்படி அமையவேண்டும் என்பதை இது காட்டுகிறது. பள்ளியோடு பள்ளியை அல்ல, ஒத்த பிள்ளைகளை வெவ்வேறு பள்ளிகளில் வைத்துப் பார்க்கவேண்டும். யாரோடு யார் படிக்கிறார்கள் என்பதும் கல்வியின் பகுதியே. அதைத் தீர்மானிப்பது சேர்க்கை எல்லைக்கோடு. அந்தக் கோட்டை வரைவது கல்வி வாரியம், இயற்கை அல்ல.

கிரேட்ஸ்கூல்ஸ் 2017இல் தன் கணக்கைத் திருத்தி மாணவர் வளர்ச்சிக்கும் இடம் தந்தது நல்ல மாற்றம். இருந்தும் வீடு தேடுவோர் கண்ணில் முதலில் படுவது ஒற்றை எண்தான். வருவாய், இனம், ஆங்கிலத் தேர்ச்சி வாரியாகத் தேர்வு முடிவுகளை வெளியிட வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் 2002 முதலே கட்டாயப்படுத்துகிறது. மேரிலாண்ட் கல்வித் துறையின் பள்ளி அறிக்கையில் அவற்றை எவரும் இலவசமாகப் பார்க்கலாம். வீட்டுக்கு முன்பணம் கட்டும் முன், உங்கள் பிள்ளையைப் போன்ற பிள்ளைகள் அந்தப் பள்ளியில் எப்படிப் படிக்கிறார்கள் என்று அங்கே ஒருமுறை பாருங்கள்.